தண்ணீரா, ஓ.ஆர்.எஸ். கரைசலா? இலியாஸ்டமி உள்ளவர்களுக்கான ஓர் ஒப்பீடு

சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் வழியே வெளியே திறந்து, கழிவை அங்கே ஒட்டிய பையில் சேரவிடும் இலியாஸ்டமி அறுவைக்குப் பின் பை அடிக்கடி நிரம்பி, நாக்கு வறண்டு, தலை கிறுகிறுக்கும் நாள்களில் பலரும் குவளை குவளையாகத் தண்ணீர் குடிக்கிறார்கள். கழிவு கூழ்ப் பதத்தில் வரும் வரை அதில் தவறில்லை. நாளொன்றுக்கு 1,500 மில்லிலிட்டரைத் தாண்டி நீராகவே கொட்டும்போதுதான் கணக்கு மாறுகிறது. வெளியேறும் நீரோடு சோடியமும் போகிறது. அதை மீட்டெடுக்க வேண்டிய பெருங்குடலோ இப்போது பாதையில் இல்லை. இந்நிலையில் உப்பில்லாத நீர் மிகுதியாக இறங்கினால், சிறுகுடலின் சுவர் உடலிலுள்ள சோடியத்தையே குடலுக்குள் கசியவிடக்கூடும். குடித்தது பைக்குப் போய்விட, தாகம் அப்படியே நிற்கும்.

ஓ.ஆர்.எஸ். கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே குடற்சுவரைக் கடப்பதால், அவற்றின் பின்னால் நீரும் உள்ளே செல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் உள்ளன. பைக்கு வரும் கழிவின் போக்கு மிக அதிகமானால் இதைவிட உப்புக் கூடிய கரைசலை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. கரிப்பு பிடிக்காதவர்கள், குளிரவைத்து நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பருகினால் எளிதாக இறங்கும். இதயம், சிறுநீரகம், இரத்த அழுத்தம் சார்ந்த நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பழச்சாறும் இனிப்புப் பானங்களும் இந்தப் போட்டிக்கே வர வேண்டியதில்லை. மிகுந்த சர்க்கரை, நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கைக் கூட்டிவிடும்.

போக்கைக் கெட்டிப்படுத்த உணவா, லோபரமைடு மாத்திரையா என்பது அடுத்த கேள்வி. சோறு, வாழைப்பழம், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு ஆகியவை லேசான தளர்வுக்குப் போதும் என்பதால், உணவில் தொடங்குவதே என் பார்வையில் சரி. அதற்கும் அடங்காதபோது, மருத்துவர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுக்கும் மாத்திரை குடலின் ஓட்டத்தைத் தணிக்கும். ஆனால் வயிறு முறுக்கி வலித்து, வாந்தியும் வந்து, பை வெறுமையாகவோ வெறும் நீருடனோ இருந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது உணவும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொட்டைகள், சோளம், காளான், தேங்காய் போன்றவற்றைச் சரியாக மெல்லாமல் விழுங்குவதே பல நேரங்களில் இதற்குக் காரணம். (பெருங்குடலில் திறப்பு வைத்த கொலாஸ்டமி உள்ளவர்களுக்கு இவ்வறிவுரைகள் அப்படியே பொருந்தா, அவர்களில் பலருக்கு மலச்சிக்கலே தொல்லை, நார்ச்சத்தும் தண்ணீருமே தேவை.)

நீர்த்த கழிவிலுள்ள செரிமான நொதிகள் தோலை அரிப்பதால், எரிச்சலுக்குப் பூச்சு தேடும் முன் பையைத் தோலோடு பிடித்திருக்கும் ஒட்டுத்தகட்டைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பார்ப்பது நல்லது. பசை வெளுத்துக் கரைந்திருக்கும் பக்கமே கசிவு நடந்த பக்கம். அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் ஸ்டோமா (வயிற்றில் வைத்த குடல் திறப்பு) சுருங்குவதால், தகட்டில் பழைய அளவில் வெட்டிய துளை பெரிதாகிவிட்டிருக்கும். மீண்டும் அளந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் வெட்ட வேண்டும்.