1987ல போட்ட சிவில் கேஸுக்கு இப்ப நகல் வாங்குனேன் – 5க்கு மூன்றரை ஸ்டார்

ஓட்டலுக்கு, செல்போனுக்கெல்லாம் ரிவ்யூ போடுறோம், கோர்ட்ல நகல் மனு போடுற அனுபவத்துக்கு மட்டும் யாரும் போட மாட்டேங்குறாங்க, அதனால நான் போடுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

ஏற்காட்டுல நாகலூர் பக்கம் தாத்தா காலத்து காப்பித் தோட்டம் கொஞ்சம் இருக்குங்க, சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி ஏறிக் கெடக்கும், பாக்க அழகா இருக்கும், வருமானம் மட்டும் கேக்காதீங்க. 1987ல தாத்தா அவரோட அண்ணன் தம்பி மேல சேலத்துல பாகப்பிரிவினை கேஸ் போட்டாரு. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அப்பா "கேஸ் நாம ஜெயிச்சாச்சுடா"ன்னுதான் சொல்லுவாரு. இப்ப லோனுக்குப் போனா, பேங்க் வக்கீலு டிகிரியோட, அதாவது கோர்ட் முடிவ எழுதுன உத்தரவோட, சர்டிஃபைட் காப்பி (கோர்ட் சீல் போட்ட நகல்) கொண்டாங்கன்னுட்டாரு. வீட்டுல இருந்ததோ கரையான் தின்ன மிச்சம் ஒரே ஒரு ஜெராக்ஸ் பக்கம், அதுலயும் கேஸ் நம்பர் இருந்த மூலையத்தான் கரையானுக்குப் புடிச்சிருக்கு.

மொதல்ல ஈகோர்ட்ஸ் ஆப்ப எறக்கிப் பாத்தேன். காசு கெடையாது, வாதி பிரதிவாதி பேரு, கேஸ் நம்பர், வக்கீல் பேரு எத வச்சும் தேடலாம், ஒவ்வொரு கேஸுக்கும் 16 எழுத்துல ஒரு சி.என்.ஆர். நம்பர் இருக்கும், அது கையில இருந்தா வாய்தா தேதியில இருந்து போன உத்தரவு வரைக்கும் எல்லாம் வந்துரும். பெரியப்பா பையனோட வாடகைக் கேஸ அவன் வக்கீல்ட்ட கேக்காமலே அதுல பாத்துட்டு இருக்கான். ஆனா எங்க தாத்தா கேஸ் கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சது, அது அதுல எப்படி இருக்கும், இது புரியாம தாத்தா பேர இங்கிலீஷ்ல ஒம்போது விதமா ஸ்பெல்லிங் மாத்தி ரெண்டு நாள் தட்டிட்டு இருந்தது முழுக்க என் முட்டாள்தனம். இன்னொண்ணு, அதுல எறக்குற பி.டி.எஃப். படிச்சுப் பாக்கத்தான், பேங்க்ல குடுத்தா வாங்க மாட்டாங்க, கோர்ட் சீல் போட்ட நகல்தான் வேணும்.

இதுக்கு நடுவுல பக்கத்து வீட்டு அண்ணன் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுப்பான்னாரு. அது ஆகாதுங்க, கோர்ட் ஆவணத்துக்கு அந்தந்த கோர்ட் விதிப்படிதான் மனு போடணும், ஆர்.டி.ஐ. வழியா கேக்க முடியாதுன்னு 2020லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அப்புறம் ஒரு ஏஜென்டு, பேரு வேணாம், "8000 குடுங்க, ஒரே வாரம்"னான். அட்வான்ஸ் 2000 குடுத்தேன். பத்து நாள் கழிச்சு போன் பண்ணா "சார் கேஸ் நம்பர் சொல்லுங்க"ங்குறான். நம்பர் தெரிஞ்சா நான் எதுக்குடா ஒனக்கு காசு குடுக்குறேன்?

ஆக மொத்தம் இதுல சூட்சுமமே நம்பர்தான். நகல் எடுக்குறது அப்புறம் வர்ற வேலை, எந்த கோர்ட், ஓ.எஸ். நம்பர் (அசல் சிவில் வழக்கு நம்பர்), எந்த வருஷம், இந்த மூணு தெரியாம ஜன்னல் முன்னாடி போய் நின்னா பாவம் அவங்க மட்டும் எந்தக் கட்டப் போய் தேடுவாங்க. கேஸெல்லாம் வரிசையா பதிஞ்சு வைக்கிற சூட் ரெஜிஸ்டர்ல தேடச் சொல்லி மனு போடலாம், ஆனா சப் கோர்ட்டா முன்சீப் கோர்ட்டான்னே எங்களுக்குத் தெரியல. டெக்சாஸ்ல இருக்குற சித்தி பையன்ட்ட பொலம்புனேன், "இங்க கவுன்டி கிளார்க் ஆபீஸ்ல போய்க் கேட்டா பெரும்பாலும் குடுத்துருவாங்கடா, எதுக்குன்னு கூட கேக்க மாட்டாங்க"ன்னு பெருமை அடிச்சான், அப்புறம் அவனே எறங்கி வந்தான், அங்கயும் கவுன்டி கோர்ட் கேஸுன்னா கவுன்டி கிளார்க், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் கேஸுன்னா டிஸ்ட்ரிக்ட் கிளார்க்குன்னு வேற வேற ஆபீஸாம், மாத்திப் போனா அலைச்சல்தானாம். சரி, எல்லா ஊர்லயும் இதே கததான்னு மனசு கொஞ்சம் ஆறுச்சு.

நம்பர் கெடச்சது கோர்ட்லயே இல்லீங்க, பத்திர ஆபீஸ் பக்கம்தான் கெடச்சுது. தோட்டத்து சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தேன், 1996ல சின்ன தாத்தா அவர் பங்க வெளியாளுக்கு வித்த பத்திரம் ஒண்ணு வந்துச்சு, அதோட நகல எடுத்துப் படிச்சா நடுவுல "இன்ன கோர்ட்டு ஓ.எஸ். இத்தனாம் நம்பர் வழக்கில் கிடைத்த டிகிரிப்படி எனக்குப் பாத்தியப்பட்ட பிரிபடாத மூன்றில் ஒரு பாகம்"னு முத்து முத்தா எழுதிருக்கான் அந்த பத்திர எழுத்தர், எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். பழைய கேஸ் நம்பர் தேடுறவங்க மொதல்ல சொத்துப் பத்திரங்கள வரி விடாம படிங்க, கேஸ் நடந்த சொத்துன்னா பின்னாடி எழுதுன ஏதோ ஒரு பத்திரத்துல நம்பர் மாட்டும். அதுல "பிரிபடாத"ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு பாருங்க, அத நான் அன்னைக்கு கவனிக்கவே இல்ல.

இனி மனு. தெரிஞ்ச வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் கூட வந்தாரு, 1000 வாங்குனாரு, அந்த 1000 தகும். ரெக்கார்டுல தாத்தா பேருதான் இருக்கு, அப்பா பேரு இல்ல, அதனால மூணாம் மனுஷன் கேக்குற மாதிரி எதுக்கு வேணும்னு அஃபிடவிட் போடணும்னாங்க, கூட தாத்தாவோட இறப்புச் சான்று, வாரிசு சான்று. தீர்ப்பு வேற, டிகிரி வேற, ரெண்டுக்கும் தனித்தனியா கேட்டு எழுதுங்க. நான் மொதல்ல டிகிரி மட்டும்தான் எழுதுனேன், குமாஸ்தா "தம்பி, காரணம் என்னன்னு தீர்ப்புலதான் இருக்கும், டிகிரில முடிவு மட்டும்தான் இருக்கும்"னு சொல்லி சேத்து எழுத வச்சாரு.

மனு போட்டதும் நகல் கைக்கு வராதுங்க. கட்டு ரெக்கார்ட் ரூம்ல இருந்து வரணும், எத்தன பக்கம்னு எண்ணி இவ்வளவுக்கு ஸ்டாம்பு கட்டுன்னு நோட்டீஸ் போர்டுல லிஸ்ட் ஒட்டுவாங்க, போன்ல எல்லாம் சொல்ல மாட்டாங்க. குறிச்ச நாளுக்குள்ள கட்டலன்னா மனு தள்ளுபடி. எனக்கு அதான் ஆச்சு, அந்த வாரம் தோட்டத்துல மிளகு பறிப்புன்னு மேலயே இருந்துட்டேன், எறங்கி வந்து பாத்தா என் நம்பர அடிச்சிருந்தாங்க. மறுபடி மனு. அதுக்குள்ள ஏப்ரல் கடைசி, மே மாசம் சிவில் கோர்ட்டுக்கு லீவு, ஜூன்ல தான் எல்லாம் நகந்துச்சு. நாள் பாத்துப் போடுங்க.

ஜன்னல்ல இருந்த அம்மா சிடுசிடுன்னு இருந்தாங்க, ஆனா வேலை சுத்தம். முப்பது வருஷத்துக்கு மேல ஆன கட்ட தூசி தட்டி எடுத்து, ஓரம் ஒடியுற பேப்பர ஒவ்வொண்ணா ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்குறாங்க, மொத்தமா ஸ்டாம்பு நகல்னு எனக்கு ஆனது 400 ரூபா கூட இல்ல. யாரும் கை நீட்டல, அதையும் சொல்லணும். கொறச்சது ஒன்றரை ஸ்டார் அந்த நோட்டீஸ் போர்டுக்குத்தான், ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புனா என்னங்க.

நகல் வாங்குனதும் கடைசிப் பக்கத்தப் பாருங்க. மனு போட்ட தேதி, ஸ்டாம்பு கேட்ட தேதி, கட்டுன தேதி, நகல் ரெடியான தேதி, குடுத்த தேதி எல்லாம் சீலோட இருக்கும். எனக்கு அது தேவப்படல, ஆனா புதுசா தீர்ப்பு வந்து அப்பீல் போறவங்களுக்கு அதுதான் உசிரு. மாவட்ட கோர்ட்டுக்கு அப்பீலுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள், நகல் வாங்க ஆன நாள அதுல கழிச்சுக்கலாம், அந்தக் கணக்கப் போடுறது இந்த தேதிகள வச்சுத்தான். அதனால தீர்ப்பு வந்த கையோட நகல் மனு போட்ருங்க, ஆற அமர யோசிச்சுட்டு அப்புறம் போட்டா அந்த யோசிச்ச நாளெல்லாம் ஒங்க கணக்கு.

வாங்கிட்டு நேரா தட்டுவடை செட் கடைக்கு வந்துட்டோம், நான், அப்பா, குமாஸ்தா. அப்பா நகல நெஞ்சோட புடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. குமாஸ்தா வாங்கி ஒரு பொரட்டு பொரட்டிட்டு, "அண்ணா, இது பிரிலிமினரி டிகிரிங்களே, ஃபைனல் டிகிரி எங்க?"ன்னாரு. அதாவது ஆளுக்கு மூணுல ஒரு பங்குன்னு மட்டும்தான் கோர்ட் சொல்லிருக்கு, கோர்ட் அனுப்புற கமிஷனர் வந்து அளந்து எந்தப் பக்கம் யாருக்குன்னு பிரிச்சு, ஸ்டாம்பு பேப்பர்ல எழுதுற ஃபைனல் டிகிரிய இத்தன வருஷமா யாருமே கேட்கல. அப்பா ஒண்ணும் பேசல. ரெண்டாவது செட் சொல்லியிருந்தோம், அது அப்படியே ஊறிப் போச்சு.

நல்லவேளை, பாகப்பிரிவினைல ஃபைனல் டிகிரி கேக்க காலக்கெடு இல்லன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்குன்னு வக்கீல் சொன்னாரு, மனுவும் போட்டாச்சு. பழைய கேஸ இப்ப கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க, சி.என்.ஆர். நம்பரும் வந்துருச்சு. அத அப்பா செல்லுல ஏத்திக் குடுத்தேன், தெனமும் காலைல காப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ தட்டி, வாய்தா தேதி மாறிருக்கான்னு பாத்துட்டுத்தான் டம்ளரையே எடுக்குறாரு.