சோலார் பேட்டரிக்கு ஏசி பிரேக்கர்: பாக்கிப் பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

எங்கள் வீட்டில் 51.2 வோல்ட் லித்தியம் பேட்டரியும் 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் பொருத்திய நிறுவனம், பில்லில் ‘டிசி பாதுகாப்பு சாதனங்கள்’ என்று ஒரே வரியில் பெருந்தொகை போட்டுவிட்டு, பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே வைத்தது வீட்டு மெயின் பெட்டியில் இருக்கும் சாதாரண 63 ஆம்பியர் ஏசி எம்சிபியை (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் பிரேக்கர்). அதன் முகப்பில் 240/415 என்ற வோல்ட் எண்ணும் ஏசியைக் குறிக்கும் அலைக்குறியும் (~) மட்டுமே இருந்தன. டிசி வோல்ட்டேஜ் எங்குமே அச்சிடப்படவில்லை.

ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், பிரேக்கர் திறக்கும்போது உள்ளே எழும் தீப்பொறி எளிதில் அணைந்துவிடும். பேட்டரி தரும் டிசி ஒரே திசையில் விடாமல் பாய்வதால் அந்த இடைவெளி கிடையாது; அதற்கென வடிவமைக்காத பிரேக்கருக்குள் பொறி நின்று எரியும். அதிலும் லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் காப்பாற்றும் என்று நிறுவனத்தார் சொல்வதை நம்பி இருந்துவிட முடியாது. அதில் ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டுகள் பழுதாகும்போது பல சமயம் இணைப்பைத் துண்டிக்காமலேயே பழுதாகின்றன.

இந்த இன்வெர்ட்டர் முழு லோடில் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 115 ஆம்பியர் இழுக்கும் என்பதால், கீசரும் மோட்டாரும் சேர்ந்து ஓடினாலே எம்சிபி விழுந்தது. புகார் செய்ததும் வந்த பணியாளர் அதைக் கழற்றிவிட்டு, கார் ஆடியோவுக்குப் பயன்படும் 250 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றை மாட்டி, “இனிமே ட்ரிப்பே ஆகாது சார்” என்றார். எனக்கு இன்னமும் ஆறாத கோபம் இதில்தான். அங்கே ஓடியது 25 சதுர மி.மீ. கேபிள்; ஓவர்லோடு ஏற்பட்டால் அந்த ஃப்யூஸ் உருகுவதற்கு முன் கேபிளின் உறை உருகிவிடும். போதாக்குறைக்கு அதன் மேல் 32 வோல்ட் என்று பொறித்திருந்தது. முழுதாக சார்ஜ் ஆகும்போது எங்கள் பேட்டரி 56 வோல்ட்டைத் தாண்டுகிறது.

பிறகு வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்து, கேபிளை 35 சதுர மி.மீ. ஆக்கி, பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 150 ஆம்பியர் கிளாஸ் டி (Class T) ஃப்யூஸும் (பெரும் ஷார்ட் மின்னோட்டத்தையும் துண்டிக்கக்கூடிய வகை), இன்வெர்ட்டர் பக்கம் முறையான டிசி பிரேக்கரும் போட்டோம். டிசி பிரேக்கர்களில் சிலவற்றுக்கு பிளஸ், மைனஸ் திசை உண்டு; மாற்றி இணைத்தால் அவையும் பொறியை அணைக்காது.

கொட்டேஷனிலேயே ஃப்யூஸின் வகை, ஆம்பியர், டிசி வோல்ட்டேஜ், கேபிள் அளவு ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பழைய பாகங்களைத் தூக்கி எறியாமல், அச்சு தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள்.