போரைப் பெருப்பிப்பதா, ஹெட்டைத் திறந்துவிடுவதா? பல்சர் 150-க்கு எது மேல்

பல்சர் மோட்டார் சைக்கிள் மேல் ரெவ்வில், அதாவது எஞ்சின் வேகமாகச் சுழலும்போது, மூச்சு வாங்குகிறது என்று யாழ்ப்பாணத்துக் கராச்சில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் முதலில் வரும் பதில், “போரைப் பெருப்பிச்சு விடுவம் தம்பி.” சிலிண்டரின் உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்குவதுதான் அது. நானும் சரி என்று விட்டேன். அதே பழைய 143.9 சீசீ பல்சர் வைத்திருக்கும் மச்சான், சிலிண்டரைத் தொடாமல், அதற்கு மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்டில் மட்டும் வேலை செய்வித்தான். இரண்டையும் மாறி மாறி ஓட்டிய பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை: மேல் ரெவ்தான் வேண்டுமென்றால் ஹெட்.

57 மில்லிமீற்றர் போரை 60 ஆக்கினால், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான 56.4 ஸ்ட்ரோக்கோடு 159.5 சீசீ வரும். கிட்டத்தட்ட 11 வீதம் கூட. பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மூன்றாம் கியரில் முறுக்கும்போது நல்ல இழுவை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வால்வும், அதைத் திறந்து மூடும் கேமும், காற்றில் பெற்றோலைக் கலக்கும் காபரேற்றரும் பழையவைதான். வயிறு பெருத்துவிட்டது, தொண்டை அதே தொண்டை. அதனால் பவரின் உச்சம் முன்னதாகவே வந்துவிடுகிறது. நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றைத் தொடும்போது சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. போதாக்குறைக்குப் பிஸ்டனுக்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனருக்கும் இடைவெளியை இறுக்கமாக வைத்துக் கடைந்திருந்தார்கள். மத்தியான வெயிலில் கைதடிப் பாலத்துக்குக் கிட்ட எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தால், எக்சோஸ் பக்கம் நகத்தால் பிறாண்டியது போல நீளக் கோடுகள்.

ஹெட் வேலை ஏன் எடுபடுகிறது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். டோர்க்கை, அதாவது முறுக்குவிசையை, ரெவ்வால் பெருக்கினால்தான் பவர். 12 நியூட்டன் மீற்றர் 8500-இல் கிடைத்தால் 10.7 கிலோவாட். அதே 12-ஐ 9500 வரை விழாமல் பிடித்தால் 11.9. ஆக, மேலே போகப் போக டோர்க் சரியாமல் பார்ப்பதுதான் முழு வேலையும், அதற்குக் காற்று தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். மச்சானின் ஹெட்டைத் திறந்தபோது, காபரேற்றரிலிருந்து வரும் குழாயான மனிஃபோல்ட் பொருந்தும் இடத்தில் கஸ்கெற்றின் விளிம்பு காற்றுப் பாதைக்குள் மெல்லிய படி போல நீட்டிக்கொண்டிருந்தது. விரலை விட்டால் தட்டுப்படும். அதை வெட்டி, வால்வு வந்து அமரும் சீற்றின் அடியில் இருந்த கூர்விளிம்பை மழுக்கி, சீற்றை 30, 45, 60 பாகை என மூன்று கோணத்தில் வெட்டினார்கள். பாதையைக் கண்ணாடி போலப் பளபளப்பாக்கத் தேவையில்லை, வடிவம்தான் முக்கியம்.

அப்புறம் கேம். காற்றை உள்ளே விடும் இன்லெற் வால்வு சற்றுப் பிந்தி மூடினால், வேகமாக ஓடிவரும் காற்று தன் வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே நெரிந்து போகும். இது மேல் ரெவ்வில்தான். கீழ் ரெவ்வில் அதே காற்று திரும்பி வெளியே தள்ளப்படும், ஐட்லிங் தடுமாறும். திருநெல்வேலிச் சந்தையடியில் நடைவேகத்தில் ஊர்வதென்றால் கிளச்சை அரைவாசி பிடித்தபடிதான். தினமும் ரவுணுக்குள் ஓடுபவர் கேமை விட்டுவிட்டு ஹெட்டோடு நிற்கலாம்.

ஒன்று கவனம்: 8500-இல் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 16 மீற்றர், 10000-இல் 18.8. ஆனால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்டிங் றொட்டில் விழும் இழுவிசை 38 வீதம் ஏறும். வால்வை மூடும் ஸ்பிரிங் பலமில்லையென்றால் வால்வு கேமைப் பின்தொடராமல் துள்ளும். ரெவ் வரம்பு இல்லாத சீடிஐ (பிளக்கில் பொறி தரும் பெட்டி) போடுவதற்கு முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

சைலன்சரை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் சத்தத்துக்குத்தான். காற்று கூடப் போனால் காபரேற்றரில் பெற்றோல் போகும் துளையான மெயின் ஜெற்றையும் பெரிதாக்க வேண்டும். முழுத் திறொட்டிலில் ஓட்டி, கிளச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். இளம் மண்ணிறம் சரி, வெள்ளையென்றால் பெற்றோல் போதவில்லை.

செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்புறொக்கெற் பவரைக் கூட்டாது. ஆனால் சோழகக் காற்று முகத்தில் அடிக்கும்போது பண்ணைத் தாம்போதியில் வேலணைப் பக்கம் போய்ப் பாருங்கள்: ஐந்தாம் கியரில் எஞ்சின் மேல் ரெவ்வை எட்டவே எட்டாது. பின் ஸ்புறொக்கெற்றில் இரண்டு பல் கூட்டிய பிறகுதான் மச்சானின் ஹெட் முழுப் பலனையும் காட்டியது. செலவும் மிகக் குறைவு.

என் சிலிண்டருக்குப் பழைய 57-க்கே புது லைனர் போட்டாயிற்று. ஹெட் இப்போது மேசையில் திறந்து கிடக்கிறது. ஸ்பிரிங் வந்ததும் பூட்ட வேண்டும்.