எம்எக்ஸ்-5 திடீரென இழுக்க மறுத்தால்: கிளட்சா, கரன்ட்டா, பெட்ரோலா, காற்றா?

எம்எக்ஸ்-5 என்பது மஸ்டாவின் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 1989-ல் வந்த அதன் முதல் தலைமுறைக்கு அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் பெயர். அதன் 1.6 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர் வண்டிகளில் பெரும்பாலானவை இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டன. அவற்றில் அடிக்கடி வரும் புகார் ஒன்றுதான்: பத்து நிமிடம் நன்றாக இழுக்கும், திடீரென பிக்கப் விழும், பிறகு தானாகவே சரியாகிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் கோளாறு தலைகாட்டாது. உடனே பிளக், காயில், சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத் தொடங்குவார்கள். பணம் கரையும், கோளாறு அப்படியே இருக்கும். சந்தேகத்துக்குரியவற்றை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்தி, இரண்டும் எங்கே வேறுபட்டு நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதுதான் இங்கே பலன் தரும்.

கிளட்சா, இன்ஜினா

இதை முதலில் தீர்த்துவிட வேண்டும், ஐந்து நிமிட வேலைதான். தொழிற்சாலை அளவான 185/60 ஆர்14 டயரும் 4.3 ஃபைனல் டிரைவும் (பின் அச்சிலுள்ள கியர் விகிதம்) இருந்தால், நாலாவது கியரில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஆர்பிஎம் முள் 2,400-ஐ ஒட்டி நிற்கும். 100 கி.மீ.யில் ஏறத்தாழ 3,950. காலியான சாலையில் நாலாவது கியரில் 60-லிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். முள் எகிறி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது, இன்ஜினைத் தொட வேண்டியதில்லை. முள்ளும் வேகமும் சேர்ந்தே மந்தமாக ஏறினால் கிளட்ச் நிரபராதி. முதல் இரண்டு கியர்களில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அங்கே கிளட்ச் மேல் விழும் பாரம் குறைவு, தேய்ந்த தட்டுகூடப் பிடித்துக்கொள்ளும்.

முள் விழுகிறதா, நிற்கிறதா

மேனுவல் கியர் வண்டியின் பெரிய வசதி இதுதான். இன்ஜின் அணைந்தாலும், கிளட்சை மிதிக்காதவரை சக்கரங்கள் கிராங்கை, அதாவது இன்ஜினின் முக்கிய அச்சை, சுழற்றிக்கொண்டே இருக்கும். இந்த வண்டியின் ஆர்பிஎம் முள்ளுக்குச் சைகை இக்னிஷன் பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே வண்டி விட்டுப்போகும் அந்த நொடியில் கிளட்சை மிதிக்காமல், சாவியைத் தொடாமல், முள்ளை மட்டும் பாருங்கள். சாவியைத் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், அதனால் அந்தப் பக்கமே கை போகக் கூடாது. பின்னால் வண்டி வராத சாலையாகவும் இருக்க வேண்டும்.

சக்கரம் சுழலும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கரன்ட் பக்கம் கோளாறு. வேகத்துக்கு ஏற்ற இடத்திலேயே முள் நின்று, இழுவை மட்டும் போனால் கேம் ஆங்கிள் சென்சாரும் (இன்ஜின் சுழலும் நிலையைச் சொல்வது) இக்னைட்டரும் (காயிலின் கரன்ட்டை விட்டு விட்டு இயக்குவது) உயிரோடு இருக்கின்றன. பெட்ரோலைத் தேடுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து சென்சார் வாங்குவதற்கு முன்னால், காசில்லாத இந்த ஒரு பார்வை பாதிச் சந்தேகங்களைக் கழித்துவிடும்.

முள் விழுந்தால்: கேம் ஆங்கிள் சென்சாரா, மெயின் ரிலேயா, சாவி சுவிட்சா

மூன்றும் சூடேறினால் விடும், ஆறினால் பிடிக்கும். அதனால் "சூட்டில்தான் வருகிறது" என்ற தகவலை மட்டும் வைத்து எதையும் பிரிக்க முடியாது. சாவிக்குப் பின்னாலுள்ள சுவிட்சின் காண்டாக்ட் தேய்ந்திருந்தால் மற்ற மீட்டர்களும், இண்டிகேட்டரும் சேர்ந்து தடுமாறும். சாவிக்கொத்தை லேசாக ஆட்டினாலே அறிகுறி தெரியும். மற்றவை எல்லாம் சரியாக இருந்து முள் மட்டும் விழுந்தால் மெயின் ரிலே (இன்ஜின் மின்சாதனங்களுக்குக் கரன்ட் திறந்துவிடும் சுவிட்ச்), சென்சார், இக்னைட்டர் ஆகியவைதான் மிச்சம்.

இவற்றில் ரிலேயைப் பிரிக்க 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். இன்ஜெக்டர்களுக்குப் பொதுவாக வரும் லைவ் ஒயரிலிருந்து ஃபியூஸ் போட்ட ஒயர் ஒன்றை இழுத்து, பல்பை டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள், மறுமுனை பாடியில் எர்த். வண்டி விடும்போது பல்பும் அணைந்தால் ரிலே அல்லது அதற்கு வரும் சப்ளை. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே முள் விழுந்தால் சென்சார் அல்லது இக்னைட்டர்.

இங்கேதான் ஃபால்ட் கோடு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண், பயன்படும். பானெட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டெஸ்ட் முனையையும் கிரவுண்ட் முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துச் சாவியைப் போட்டால் விளக்கு மினுக்கும். 02, 03 இரண்டும் சென்சாரைக் காட்டும், 01 இக்னைட்டரைக் காட்டும். ஆனால் பெட்ரோல் அழுத்தம் குறைவதையோ கிளட்ச் வழுக்குவதையோ பிளக் ஒயர் லீக் ஆவதையோ அந்தக் கம்ப்யூட்டர் (ஈசியூ) அறியாது. கோடு இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று நம்பிவிடாதீர்கள்.

முள் நின்றால்: பம்பா, ஃபில்டரா, ஃபிளாப் சுவிட்சா

பெட்ரோல் பிரஷர் கேஜ் இல்லாமல் இந்தப் பகுதியில் இறங்காதீர்கள். முதலில் இன்ஜின் ஓடும்போதே, பம்புக்குக் கரன்ட் தரும் சர்க்யூட் ஓப்பனிங் ரிலேயின் கனெக்டரைக் கழற்றி, தானாக அணையவிடுங்கள். லைனில் அழுத்தம் இறங்கிய பிறகுதான் ஹோஸைக் கழற்ற வேண்டும். கேஜை பானெட் விளிம்பு வழியாக வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். பெட்ரோல் ஹோஸை ஒருபோதும் கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது.

ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) 30 முதல் 37 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றினால் 38 முதல் 46. முழு ஆக்சிலரேட்டரில் வேக்குவம் போய்விடுவதால் ஓட்டத்திலும் இந்த இரண்டாவது அளவுக்கே கேஜ் முள் ஏற வேண்டும். அது ஏறி நின்றும் வண்டி திணறினால் பம்பையும் ஃபில்டரையும் விட்டுவிடலாம்.

ஏறாமல் சரிந்தால் எப்படிச் சரிகிறது என்று பாருங்கள். அடைத்த ஃபில்டர் எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்: குளிரிலும் சூட்டிலும் ஆர்பிஎம் ஏற ஏற அழுத்தம் மெல்ல இறங்கும். களைத்த பம்ப் முதல் அரை மணி நேரம் நன்றாக இருந்து, டேங்க் சூடாகிப் பெட்ரோலும் குறையும்போது விடும். பம்ப் கனெக்டரில் ஓட்டத்தின்போது கிடைக்கும் வோல்ட்டையும் பேட்டரி முனையில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒரு வோல்ட்டைத் தாண்டினால் புதுப் பம்ப் போட்டும் பயனில்லை, ஒயரும் காண்டாக்டும்தான் குற்றவாளி. பார்க்காமலே மாற்றலாம் என்று நாங்கள் சொல்லும் ஒரே பாகம் ஃபில்டர்: விலை குறைவு, எப்படியும் மாற்ற வேண்டியதும்கூட.

1.6 வண்டிக்கே உரிய மூன்றாவது ஆள் ஒன்று உண்டு. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் இதன் ஏர்ஃப்ளோ மீட்டருக்குள் காற்று தள்ளித் திறக்கும் ஒரு ஃபிளாப் இருக்கிறது. அது திறந்தால்தான் உள்ளே இருக்கும் சுவிட்ச் பம்ப் ரிலேக்கு எர்த் கொடுக்கும். அந்தக் காண்டாக்டில் அழுக்கு படிந்தால் பம்ப் நன்றாக இருந்தும் நின்றுபோகும், கேஜ் முள் மெல்லச் சரியாமல் சட்டென விழும். டயக்னோசிஸ் பெட்டியில் எஃப்/பி முனையைக் கிரவுண்டோடு இணைத்து ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் ஃபிளாப் சுவிட்ச் அல்லது அதன் ஒயர். மறையாவிட்டால் ரிலே, பம்ப் பக்கம் போக வேண்டும். சோதனை முடிந்ததும் ஒயரைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். அதை அப்படியே விட்டால், விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அணையவில்லை, பாரத்தில் மட்டும் திணறுகிறது: பிளக் ஒயரா, காயிலா, காற்றுக் குழாயா

ஐந்தாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் குலுக்கல், கியரைக் குறைத்தால் சரியாகிறது என்றால் பிளக் ஒயரைத்தான் முதலில் பார்ப்போம். குறைந்த ஆர்பிஎம்மில் முழு மிதி மிதிக்கும்போது சிலிண்டர் அழுத்தம் அதிகம், பொறி பாய அதிக வோல்ட் தேவை. பழைய ஒயரின் உறை அதைத் தாங்காமல் தலைப்பகுதியின் உலோகத்துக்குப் பாயவிடும். இரவில் பானெட்டைத் திறந்து, ஐடிலில் ஒயர்கள்மேல் தண்ணீரை மெல்லிய தூவலாகத் தெளியுங்கள். பிளக் குழிக்குள் இறங்கும் ரப்பர் மூடியை ஒட்டி நீலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். கையால் தொடாதீர்கள். பிளக் இடைவெளி 1.0 முதல் 1.1 மி.மீ. இருக்க வேண்டும், தேய்ந்து அகன்றிருந்தால் புது ஒயரும் சீக்கிரம் கெடும்.

காயில் என்றால் 1-4 அல்லது 2-3 என ஜோடியாக மிஸ் ஆகும். ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஆனால் ஒரு காயில் இரண்டு பிளக்குக்கும் சேர்த்துப் பொறி தருவதால், ஒரு ஒயர் அறுந்தாலே கூட்டாளி சிலிண்டரும் பலவீனமாகலாம். அதனால் ஜோடி கெட்டது என்றவுடன் காயிலை வாங்காமல், முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

காற்றுக் குழாய்தான் ஆளை ஏமாற்றும். ஏர்ஃப்ளோ மீட்டரிலிருந்து திராட்டில் பாடிக்குப் போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளுக்குள் விரிசல் விடும். ஐடிலில் மடிப்பு மூடியே கிடக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் மவுண்ட்மேல் ஒரு பக்கம் சாய, மடிப்பு வாய் பிளந்து, மீட்டர் அளக்காத காற்று உள்ளே போகும். குழாயைக் கழற்றி, இரண்டு கையாலும் விரித்து, ஒவ்வொரு மடிப்பின் அடியையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

நாளுக்கு நாள் மந்தமானால்

1990, 91 ஆரம்பகால இன்ஜின்களில் கிராங்க் புல்லியின் நடுப்பகுதியில் நாலு துளைகள் மட்டும் இருந்தால் அது குட்டை மூக்குக் கிராங்க், அதாவது புல்லி உட்காரும் முனை குட்டையானது. பிந்தையவற்றில் எட்டு இருக்கும். குட்டையில் சாவிக்காடி (புல்லியைப் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு உட்காரும் பள்ளம்) தேய்ந்து புல்லி ஆடும், டைமிங் நகரும். டெஸ்ட் முனையைக் கிரவுண்டோடு இணைத்து டைமிங் லைட்டில் 10 டிகிரி வைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டி, மறுபடி பாருங்கள். நகர்ந்திருந்தால் கேம் ஆங்கிள் சென்சாரைப் பிடிக்கும் 12 மி.மீ. போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள், அது இறுக்கமாகவே இருந்தால் புல்லி போல்ட்டைக் கழற்றிக் காடியைப் பார்க்காமல் வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள்.