உடன்படிக்கையைத் திருத்துவதா, பட்டியலைத் திருத்துவதா?

தருமபுரியில் சட்டம் படிக்கும் மாணவர்கள் சிலர், மாதிரிப் பன்னாட்டு மாநாடு ஒன்றுக்குத் திருத்த முன்மொழிவு எழுத என்னை உதவிக்கு அழைத்தார்கள். ஒகேனக்கல் பக்கத்துப் பிள்ளைகள் குழுவில் இருந்ததால் காவிரியின் ஆமையும் நீர்நாயும் பேசுபொருளாயின. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையை எடுத்துக்கொண்டோம். அதைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு. 17-ஆவது பிரிவின்படி உடன்படிக்கையின் வாசகத்தையே மாற்றலாம். 15-ஆவது பிரிவின்படி அதனுடன் இணைந்த உயிரினப் பட்டியலை மட்டும் மாற்றலாம். நாங்கள் பட்டியல் வழியைத் தேர்ந்தோம். இன்னொரு முறை எழுதினாலும் அதைத்தான் தேர்வேன்.

பொதுவானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தான இந்த உடன்படிக்கை 1975-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976-இல் சேர்ந்தது. எந்த வழியானாலும் முன்மொழிவது உறுப்பு நாட்டின் அரசுதான். தனி ஆளோ தொண்டு நிறுவனமோ நேரடியாக முன்மொழிய முடியாது. இரண்டுக்கும் கூட்டத்துக்கு வந்து ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்கும் நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நடுநிலை வகிப்போர் கணக்கில் வரமாட்டார்கள்.

தொடங்கும் இடத்திலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. பட்டியலை மாற்ற ஒரே ஒரு நாடு போதும். உறுப்பு நாடுகளின் வழக்கமான மாநாட்டுக்கு 150 நாட்கள் முன்பாக முன்மொழிவைச் செயலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். வாசகத்தை மாற்றச் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும். அதை உறுப்பு நாடுகளில் மூன்றில் ஒரு பங்காவது எழுத்தில் கேட்க வேண்டும். இன்று 180-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கும்போது அறுபதுக்கு மேற்பட்ட அரசுகளை முதலில் இணங்கவைக்க வேண்டும்.

என்றாலும் என் முடிவைத் தீர்மானித்தது அது அல்ல. வாக்கெடுப்புக்குப் பின்பு நடப்பதுதான். பட்டியல் மாற்றம் மாநாடு முடிந்த 90-ஆவது நாளில் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தானாகவே நடைமுறைக்கு வருகிறது. வேண்டாம் என்கிற நாடுதான் அந்தக் கெடுவுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். இங்கே மௌனம் சம்மதம். வாசகத் திருத்தத்தில் மௌனம் மறுப்பு. மாநாட்டில் கை தூக்கிய நாடே ஊருக்குத் திரும்பி, தன் உள்நாட்டு நடைமுறைகளை முடித்து, ஏற்பு ஆவணத்தைச் செலுத்த வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் அப்படிச் செலுத்திய 60 நாட்களுக்குப் பிறகுதான் திருத்தத்துக்கு உயிர் வரும், அதுவும் ஏற்ற நாடுகளுக்கு மட்டும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கேபரோன் திருத்தமே சான்று. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற வட்டார அமைப்புகளும் உறுப்பினராகலாம் என்ற இந்தத் திருத்தம் 1983 ஏப்ரல் 30-இல் நிறைவேறியது. அன்று உறுப்பினராக இருந்த 80 நாடுகளில் 54 ஏற்க வேண்டும். அந்த 54 சேர்ந்து, திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2013 நவம்பர் 29-இல். முப்பது ஆண்டுகள்! அந்த இடைவெளிக்குள்தான் 1989 அக்டோபரில் லோசான் மாநாடு ஆப்பிரிக்க யானையை, கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. 1990 ஜனவரி 18-இல் தந்த வணிகத் தடை நடைமுறைக்கு வந்துவிட்டது. தந்தத்துக்காக வீரப்பன் கூட்டம் ஆண் யானைகளைச் சுட்டுத் தள்ளிய காடுகளை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு, மூன்று மாதத்துக்கும் முப்பது ஆண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் மாவட்டங்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று லீத் மென்னோட்டு ஆமை. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தை அறிவித்தபோது, அங்கே வாழும் உயிரினங்களில் இந்த ஆமையையும் குறிப்பிட்டது. அதே மாதம் பனாமா மாநாட்டில், இதை இரண்டாம் பட்டியலிலிருந்து முதல் பட்டியலுக்கு உயர்த்த வேண்டும் என்ற இந்தியாவின் முன்மொழிவு ஏற்கப்பட்டது. 2023 பிப்ரவரி 23 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இரண்டாம் பட்டியல் என்றால் அனுமதிச் சீட்டோடு வணிகம் செய்யலாம். முதல் பட்டியல் என்றால் காட்டில் பிடித்ததை வைத்து வணிகமே கூடாது. நீர்நாயும் இதே வழியில், 2019 ஜெனீவா மாநாட்டில் முதல் பட்டியலுக்கு உயர்ந்தது.

பட்டியல் வழிக்கும் ஓட்டை உண்டு. 90 நாட்களுக்குள் விலக்கு அறிவித்த நாடு, அந்த உயிரினத்தின் வணிகத்தைப் பொறுத்தவரை உறுப்பினர் அல்லாத நாடாகக் கருதப்படும். தந்தத் தடைக்கு ஜிம்பாப்வே, போட்ஸ்வானா உள்ளிட்ட நாடுகள் விலக்கு அறிவித்தன. திமிங்கிலங்களுக்கு ஜப்பான் அறிவித்திருக்கிறது. உறுப்பினர் தகுதி, நிதி போன்ற அடிப்படைகளை மாற்ற வேண்டுமென்றால் வாசகத் திருத்தத்தைத் தவிர வேறு வழியும் இல்லை. 1979-இல் ஜெர்மனியின் பான் நகரில் நிறைவேறிய, நிதி குறித்த திருத்தம் 1987-இல் நடைமுறைக்கு வந்தது. நான் உண்மையான மாநாட்டு அரங்கில் உட்கார்ந்தவன் அல்ல. அங்கே நாடுகள் ஆதரவு திரட்டும் விதத்தைப் பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் பட்டியல் என்றும் ஒன்று இருக்கிறது. ஒரு நாடு தன் எல்லைக்குள் பாதுகாக்கும் உயிரினத்தை வாக்கெடுப்பு இல்லாமலே அதில் சேர்க்கலாம். ஆனால் கட்டுப்பாடு மிகத் தளர்வு. நாங்கள் அதைப் பரிசீலிக்கக்கூட இல்லை.

பட்டியல் வழியில் எழுத உட்காருகிறவர்கள் உயிரினம் எத்தனை நாடுகளில் வாழ்கிறது என்பதை முதலில் பாருங்கள். லீத் ஆமை தீபகற்ப இந்தியாவில் மட்டுமே வாழ்வது. கலந்துபேச வேண்டிய அண்டை நாடு எதுவும் இல்லை. நட்சத்திர ஆமை இலங்கையிலும் பாகிஸ்தானிலும் இருக்கிறது. அதனால் அந்த நாடுகளின் கருத்தைக் கேட்டு அதையும் முன்மொழிவில் சேர்க்க வேண்டும். எங்கள் மாணவர்களுக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் பகுதிதான். அதற்கான காலத்தை 150 நாள் கெடுவுக்கு முன்பே ஒதுக்குங்கள். வழக்கமான மாநாடு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் கூடுகிறது.