எம்.சி.பி.யா, ட்ரிப் சுவிட்சா?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு கட்டுபவர்கள் பலர், "எம்.சி.பி. போட்டாச்சு, அது போதும்தானே?" என்று கேட்கிறார்கள். போதாது.

எம்.சி.பி. என்பது போர்டில் இருக்கும் சிறிய தானியங்கி சுவிட்ச்; அது வயரைக் காக்கும். ஷோர்ட் ஆனாலோ லோட் கூடினாலோ விழுந்து கரண்டை நிறுத்தும். அந்த வேலையை அது சரியாகச் செய்யும்.

ஆனால், தண்ணீர் மோட்டாரின் உடம்பில் கரண்ட் கசிந்தால்? கடற்கரை மணல் வெயிலில் காய்ந்து கிடக்கும். அதனால் எர்த் ரெசிஸ்டன்ஸ் (மண்ணுக்குள் கரண்ட் போவதற்கு இருக்கும் தடை) கூடும்; 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டுக்கு 4.6 அம்பியர்தான் மண்ணுக்குள் போகும். 16 அம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது; மோட்டாரைத் தொடுபவர் கதி என்ன? இங்கேதான் கசிவைக் கவனிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேண்டும்: 30 மில்லி அம்பியர் சுவிட்ச் என்றால், போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் அவ்வளவு வித்தியாசப்பட்டாலே உடனே விழுந்துவிடும். பழைய போர்டில் 100 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள். அது தீ பிடிக்காமல் தடுக்கத்தான், ஆளைக் காப்பாற்ற அல்ல.

அதற்காக ட்ரிப் சுவிட்ச் மட்டும் போட்டாலும் சரிவராது. லோட் கூடி வயர் சூடாவது அதற்குத் தெரியாது. இரண்டும் வேண்டும்.

அப்புறம், டெஸ்ட் பட்டனை இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். அது சுவிட்சை மட்டுமே சோதிக்கும், எர்த்தை அல்ல. உப்புக்காற்றில் எர்த் கம்பியின் கிளாம்ப் பச்சை பூத்துத் தளர்ந்திருந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.