பால் கக்கும் பிள்ளைக்கு எது உதவும்? மருந்தில்லா வழிகள், ஓர் ஒப்பீடு

என் இரண்டாவது மகனுக்கு மூன்று மாதம் நடந்தபோது, சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டிய துணிக்கழியில் நாள்தோறும் எட்டு, ஒன்பது தோள்துண்டுகள் காய்ந்துகொண்டிருக்கும். பால் குடித்த ஐந்தாம் நிமிடத்தில் கடைவாயில் வழியும். தூக்கிய தோளில் ஒரு முறை, கிடத்தியதும் இன்னொரு முறை. "கக்குற பிள்ளை தக்கும்மா, கவலைப்படாத" என்று அத்தை சொன்னார். ஆனால் அவரே மறுநாள் தேக்கா சந்தையிலிருந்து ஓமத்தண்ணீர் வாங்கி வந்தார். அம்மா உரைமருந்துக்குக் கல்லைத் தேடினார். என் கணவர் சாய்வு மெத்தை ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரே வாரத்தில் நான்கைந்து வழிகள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன. அவற்றில் எது எதைவிட மேல் என்பதை அன்றைக்கு யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லவில்லை என்பதால், இப்போது நானே அதைச் செய்ய முயல்கிறேன்.

அத்தை சொன்ன பழமொழியில் பெரும்பகுதி உண்மைதான். நான்காம் மாத வாக்கில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் நாளுக்கு ஒரு முறையாவது கக்குகிறார்கள் என்றும், முதலாம் பிறந்தநாளை நெருங்கும்போது அது இருபதில் ஒரு குழந்தை என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது என்றும் 1997இல் வெளியான சிகாகோ வட்டார ஆய்வு ஒன்று காட்டியது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் உள்ள தசைவளையம், விழுங்கும்போது மட்டுமல்லாமல் இரைப்பை விம்மும்போதும் சில விநாடிகள் தளர்ந்து திறக்கிறது. இது பெரியவர்களுக்கும் நடப்பதுதான். ஆனால் குழந்தையின் உணவுக்குழாய் குட்டையானது, உணவு முழுவதும் திரவம், நாளின் பெரும்பகுதி படுக்கையில் கழிகிறது. ஆகவே இரைப்பை எவ்வளவு விம்முகிறது, எத்தனை வேகமாக விம்முகிறது என்பதே முதற்கேள்வி. கீழே வரும் வழிகளை நான் எடைபோடுவதும் அந்தக் கேள்வியை வைத்தே.

எடை ஏறிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கக்கியபின் மீண்டும் விளையாடும் குழந்தைக்குத்தான் இந்த ஒப்பீடு பொருந்தும். வாந்தி பச்சை நிறத்தில் வந்தாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ, பிறந்த முதல் இரண்டு மாதங்களில் ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடித்தாலோ, காய்ச்சலோ மந்தமோ உச்சிக்குழி புடைப்போ சேர்ந்திருந்தாலோ, சிறுநீர் நனைக்கும் டயப்பர்கள் குறைந்தாலோ, கக்கலே ஆறு மாதத்துக்குப் பிறகுதான் தொடங்கியிருந்தாலோ வீட்டில் எதையும் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பச்சை வாந்தி குடல் அடைப்பின் அடையாளமாக இருக்கலாம். நடுச்சாமமானாலும் அன்றைக்கே சிறார் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். எடை ஏறுகிறதா என்பதை ஊகிக்கத் தேவையில்லை, குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும் வளர்ச்சிக் கோடுகளே சொல்லிவிடும்.

அளவைக் குறைப்பதா, பாலைக் கெட்டியாக்குவதா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான் என்பது என் கருத்து. முதலாவது வழிக்குச் செலவே இல்லை, ஆனால் அதைச் செய்யத்தான் மனம் வருவதில்லை.

தாய்ப்பால் போதாமல் ஆறாம் வாரத்திலிருந்தே நாங்கள் பால்மாவுக்கு மாறியிருந்தோம். பலதுறை மருந்தகத்தில் தாதி ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு குடிக்கிறான்?" என்பது. எனக்குத் தெரியவில்லை, ஒரு புட்டிக்கு 150 மில்லி என்று மட்டும் தெரியும். ஏழு முறை என்று விரல்விட்டு எண்ணியபோது 1,050 மில்லி வந்தது. பிள்ளையின் எடை 6 கிலோ. அதாவது ஒரு கிலோவுக்கு 175 மில்லி. பொதுவாக இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 150 மில்லி என்பதே மருத்துவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. அப்படிப் பார்த்தால் அவனுக்கு 900 மில்லி போதும். நாங்கள் ஒரு வேளைக்கு 110 மில்லியாக எட்டு வேளை கொடுக்கத் தொடங்கினோம். மொத்தம் 880. முதல் இரண்டு நாள்கள் புட்டி காலியானதும் அழுதான், அது எனக்குக் கடினமாக இருந்தது. ஐந்தாம் நாள் துணிக்கழியில் நான்கு துண்டுகள்தான் காய்ந்தன.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எடை சரியாக ஏறாத குழந்தைக்கு இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுக் குறைக்கக் கூடாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு மில்லிக் கணக்கே பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது வாய் மார்பைச் சரியாகப் பற்றியிருக்கிறதா, பால் பீறிட்டு வந்து குழந்தை திணறுகிறதா என்பவைதான். பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மார் சற்றே பின்சாய்ந்து அமர்ந்து ஊட்டினால் வேகம் தணியும். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள் பிழிந்து வைத்த பாலைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் புட்டியில் கொடுக்கச் சொல்கிறார்கள். அப்போது புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் படுக்கைவாட்டில் பிடித்து, நடுநடுவே நிறுத்தி, மெல்லச் சொட்டும் காம்பைப் பயன்படுத்தும்படி பராமரிப்பவரிடம் கேட்டுக்கொள்வது பெரிய வேறுபாட்டைத் தரும்.

இனி கெட்டிப்பால். கடைகளில் 'ஏஆர்' (கக்கலைக் குறைப்பது என்று பொருள்) என்ற அடையாளத்துடன் வரும் பால்மாவு மாச்சத்தாலோ காரோப் என்னும் மரத்தின் விதைப் பசையாலோ கெட்டியாக்கப்பட்டது. புட்டிப்பால் குடிக்கும், நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இது பலன் தருகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு: பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மறுபார்வையில், கெட்டிப்பால் குடித்தவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு முறை குறைவாகக் கக்கினார்கள். தோளில் வழிவது குறைவது அம்மாவுக்குப் பெரிய நிம்மதி, அதைச் சிறிதாக எண்ணக் கூடாது. ஆனால் அளவு அப்படியே இருந்தால் விம்மிய இரைப்பையும் அப்படியே இருக்கிறது. பால் மேலேறி வாய்க்கு வராமல் போவது கண்ணுக்குத் தெரியும் மாற்றம் மட்டுமே. மலம் இறுகலாம். காம்பின் துளையில் பால் சிக்கிக்கொள்கிறது என்று துளையைப் பெரிதாக்கினால், மெல்லக் குடிக்க வைக்க வேண்டும் என்ற நோக்கமே கெட்டுவிடும். விலையும் கூடுதல். அதனால் அளவைச் சரிசெய்து இரண்டு வாரம் பார்த்த பிறகே இதற்கு வர வேண்டும் என்பேன், அதுவும் மருத்துவரைக் கேட்டு.

வீட்டிலேயே அரிசி மாவைக் கலக்கிக் கெட்டியாக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதைக் கடைப் பால்மாவுக்கு இணையாக வைக்க முடியாது. கலோரி தெரியாமல் ஏறும், புட்டிக்குப் புட்டி பதம் மாறும், அரிசியில் இயல்பாகவே உள்ள ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருள் நாள்தோறும் சேரும். தாய்ப்பாலில் கலந்தாலோ அதிலுள்ள நொதி மாச்சத்தைச் சிதைத்துவிடுவதால் சற்று நேரத்தில் மீண்டும் தண்ணீராகிவிடும். சாந்தன் பசையால் ஆன கெட்டிப்பொடி ஒன்றைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் குறைமாதக் குழந்தைகளுக்காகவும், 2012இல் எல்லாக் கைக்குழந்தைகளுக்காகவும் எச்சரித்தது. கடுமையான குடல் அழற்சியே காரணம். ஆகவே பொடிகளை நாமாக வாங்கிக் கலக்க வேண்டாம்.

தூளி, சாய்வு மெத்தை, தட்டைத் தொட்டில்

"தூளியில போட்டா ரெண்டு நிமிஷத்துல அடங்கிடுவாம்மா, ஏன் தொட்டில்ல போட்டு அழவிடுற?" என்று அத்தை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழர் வீடுகளிலும் மலாய்க்காரர் வீடுகளிலும் கம்பிச் சுருளில் தொங்கும் சாரோங் தூளி சர்வசாதாரணம். என் கணவரும் அதில் வளர்ந்தவர்தான். ஆட்டம் குழந்தையை அமைதிப்படுத்துகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் துணியின் வளைவில் குழந்தையின் முதுகு வளைகிறது, வயிறு மடங்குகிறது, மோவாய் நெஞ்சில் முட்டுகிறது. மடங்கிய வயிறு எதுக்களிப்பை, அதாவது இரைப்பையிலிருந்து பால் மேலேறுவதை, குறைக்க உதவாது. முட்டிய மோவாய் மூச்சுக்குழலை நெருக்கும். விழித்திருக்கும்போது, ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே சிறிது நேரம் ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம், தூக்கத்துக்கு வேண்டாம்.

சாய்வு மெத்தையின் கதை வேறு. கடை விற்பனையாளர் அதை எதுக்களிப்புக்கென்றே செய்தது என்று சொல்லித்தான் என் கணவரிடம் விற்றார். மல்லாந்து படுத்த கைக்குழந்தைக்குத் தலைப்பக்கத்தை உயர்த்துவதால் எதுக்களிப்பு குறைவதில்லை. குழந்தை கீழே சறுக்கி, கழுத்து மடங்கிக் கிடக்கும் ஆபத்துதான் மிச்சம். அமெரிக்காவில் 10 பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைத் தூக்கச் சாதனங்களை 2022ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தே விட்டது. நாங்கள் அந்த மெத்தையை யாருக்கும் கொடுக்காமல் அறுத்து எறிந்தோம்.

தட்டையான, இறுக்கமான மெத்தையில் மல்லாந்து படுக்க வைப்பதுதான் வெல்கிறது. "மல்லாந்து கக்கினால் புரையேறாதா?" என்ற அச்சம் எனக்கும் இருந்தது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது. கக்கிய பால் அதற்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடத்தும்போது அந்த அமைப்பு தலைகீழாகிறது. குப்புறவும் இடப்பக்கமும் படுக்கும்போது எதுக்களிப்பு குறைவதாக அளவீடுகள் காட்டுவது உண்மையே. ஆனால் திடீர்க் குழந்தை மரணத்தின் ஆபத்து கூடுவதால், தூங்கும் கைக்குழந்தைக்கு அந்த நிலைகளை மருத்துவ வழிகாட்டிகள் ஏற்பதில்லை. இங்கே பேரம் பேச இடமில்லை.

நிமிர்த்திப் பிடிப்பதும் ஏப்பமும்

பால் கொடுத்தபின் 20 முதல் 30 நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடிப்பது நல்ல பழக்கம். அதற்கு மாற்றாகக் கார் இருக்கையிலோ சாய்விருக்கையிலோ உட்கார வைப்பதுதான் தவறு. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், 60 பாகை சாய்விருக்கையில் இருந்த குழந்தைகளுக்குக் குப்புறக் கிடந்தபோது இருந்ததைவிட எதுக்களிப்பு அதிகமாயிருந்தது. நிமிர்ந்த நெஞ்சும் நீண்ட வயிறும் வேண்டும், குந்திய வயிறு வேண்டாம்.

ஏப்பத்தைப் பற்றி எனக்கே வியப்பு. சண்டிகரில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முதுகைத் தட்டி ஏப்பம் எடுக்க வைத்த குழந்தைகள் கூடுதலாகவே கக்கினார்கள். வயிற்றுவலி அழுகையும் குறையவில்லை. 71 தாய்-சேய் இணைகளை மட்டும் கொண்ட சிறிய ஆய்வு அது, ஆகவே ஏப்பத்தையே விடச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏப்பம் வரவில்லையே என்று அரைமணி நேரம் முதுகை அடித்துக்கொண்டிருப்பதை விட்டுவிடலாம்.

பசும்பாலை விலக்குவது யாருக்கு?

கக்கலோடு மலத்தில் இரத்தக்கீற்றோ, தோலில் தடிப்போ, ஊட்டும்போது முதுகை வில்லாய் வளைத்து அழுவதோ சேர்ந்திருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமை இருக்கலாம். இந்த ஒவ்வாமையையும் வெறும் எதுக்களிப்பையும் வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம் என்பதால்தான், அமிலத்தைக் குறைக்கும் மருந்துக்குப் போகுமுன் 2 முதல் 4 வாரம் பசும்பால் புரதத்தை விலக்கிப் பார்க்க 2018ஆம் ஆண்டு ஐரோப்பிய, வட அமெரிக்கச் சிறார் குடல்நோய் மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டி பரிந்துரைக்கிறது. புட்டிப்பால் குழந்தைக்கு அது புரதம் நன்கு சிதைக்கப்பட்ட சிறப்புப் பால்மாவு. தாய்ப்பால் குழந்தைக்கு, அம்மா தன் உணவில் பாலை நிறுத்துவது. நம் வீட்டில் அது எளிதன்று: தயிர்ச்சோறு, பனீர், காப்பிக்கடைத் தே தாரிக் என்னும் பால் தேநீர், மைலோ பானம், பிஸ்கட்டில் மறைந்திருக்கும் பால்பொடி எல்லாம் போக வேண்டும், சுண்ணாம்புச்சத்துக்கு மாற்று வேண்டும். ஆட்டுப்பால் இதற்கு மாற்றாகாது, அதன் புரதம் பசும்பால் புரதத்தை மிகவும் ஒத்தது. குறிகள் இல்லாத குழந்தைக்காக அம்மா தன்னைப் பட்டினி போட்டுக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன். விலக்கிக் குணம் தெரிந்தாலும், மருத்துவர் சொல்படி மீண்டும் பாலைச் சேர்த்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

ஓமத்தண்ணீரும் உரைமருந்தும்

இவற்றைக் கொண்டுவரும் கைகளில் இருப்பது அன்பு என்பதால் மறுப்பது கடினம். ஆயினும் எதுக்களிப்பை இவை குறைப்பதாகச் சான்றில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. உரைமருந்தில் சேரும் வசம்பில் ஆசரோன் என்ற நஞ்சுப்பொருள் உண்டு. அமெரிக்கா 1968இலேயே வசம்பை உணவில் தடைசெய்துவிட்டது. உரைக்கும் கல்லிலிருந்தும் விரலிலிருந்தும் கிருமி சேரும். தேன் குழைத்துக் கொடுப்பது ஒரு வயதுவரை ஆகவே ஆகாது, பொட்டுலிசம் என்னும் நச்சுநோய் வரலாம். அம்மாவிடம் நான் உரைமருந்து வேண்டாம் என்றபோது அவர் முகம் வாடியது. குளிப்பாட்டுவதையும் பால் கொடுத்தபின் தோளில் வைத்துக்கொள்வதையும் அவர் பொறுப்பில் விட்டேன். இருபது நிமிடத் தாலாட்டுக்கு எந்த மருந்தும் ஈடாகவில்லை.

நடக்கும் பிள்ளைகளுக்கு

ஒரு வயதைக் கடந்தும் கக்கல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், இரவில் இருமல் என்று வரும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஒப்பிட வேண்டியவை குறைவு. காரத்தையும் புளியையும் மொத்தமாக நிறுத்துவதா, இரவுச் சாப்பாட்டு நேரத்தை முன்தள்ளுவதா என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெளிவாகத் தெரிகிறதோ அதை மட்டும் நிறுத்தினால் போதும். சாக்லேட்டும் வாயு நிறைந்த பானமும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது. மலச்சிக்கலையும் கவனிக்க வேண்டும், முக்கும்போது வயிற்றின் அழுத்தம் கூடுகிறது.

பெற்றோர் இருவரும் வேலை முடிந்து வீடு சேரவே ஏழு, ஏழரை ஆகிவிடும் இந்த ஊரில், ஒன்பது மணிப் படுக்கைக்கு முன் இரண்டு மணி நேர இடைவெளி விடுவது எளிதன்று. என் மூத்தவள் மூன்று வயதுவரை படுக்கையில் பால் புட்டியோடுதான் தூங்கினாள், நள்ளிரவில் இருமுவாள். அந்தப் பாலைச் சாப்பாட்டு மேசைக்கு, இரவுச் சோற்றுக்கு முன், ஒரு சிறு கோப்பைக்கு மாற்றினோம். முதல் வாரம் முழுக்க அழுகை. மூன்றாம் வாரத்தில் அவளே கோப்பையை எடுத்துவந்து, "தாத்தாவுக்கும் ஊத்துங்க" என்றாள்.